நாளைக்கே ஓய்வு பெற்றால்?

ஸ்காபரோவுக்கு வந்த புதிதில், நான் வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் வாய் மூடித்தான் இருந்தேன், ஏனெனில் அங்கே பேச்செல்லாம் பேஸ்போலைப் பற்றியதாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டோடு வளர்ந்த எனக்கு, அந்த ஆட்டத்தைவிட அதைப் பற்றிய ஒரு வழக்குத்தான் முதலில் பிடிபட்டது: இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் இன்னார் நாளைக்கே ஓய்வு பெற்றால், தலைசிறந்த பேஸ்போல் வீரர்களைக் கௌரவிக்கும், அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ் மண்டபத்துக்குள் போவாரா, மாட்டாரா?

விதிகளைச் சொல்லித் தந்தவர் பக்கத்து இயந்திரத்தில் நின்ற ஒரு கனேடியப் பெரியவர். குறைந்தது 10 பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் கழிய வேண்டும். அதன் பிறகு பேஸ்போல் எழுத்தாளர்கள் அளிக்கும் வாக்குகளில் 75 சதவீதம் கிடைக்க வேண்டும். டெரிக் ஜீட்டர், இச்சிரோ போன்ற பெரிய வீரர்களுக்கும்கூட முழு வாக்கும் கிடைக்க ஒன்று குறைந்ததாம். எந்தப் புண்ணியவான்கள் மறுத்தார்களோ!

மைக் டிரவுட் விடயத்தில் எங்களுக்குள் தகராறு இல்லை. 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் மிகமதிப்புமிக்க வீரர் விருதை வென்றவர் அவர். 2021இல் 36 ஆட்டங்களும் 2024இல் 29 ஆட்டங்களும் மட்டுமே ஆட முடிந்த அளவுக்குக் காயங்கள் அவரை வாட்டியிருந்தாலும், அதற்கு முன் செய்தவற்றை எந்தக் காயமும் அழித்துவிடாது.

நாங்கள் முட்டிக்கொண்டது ஷோஹெய் ஓட்டானியை வைத்துத்தான். பந்தெறிவதிலும் அடிப்பதிலும் ஒருசேர முன்னணியில் நிற்பவர்; 2024இல் 54 ஹோம் ரன்களும் (நம் சிக்ஸர் மாதிரி), 59 தளத் திருட்டுகளும் (பந்தெறிபவர் அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது) எடுத்தவர். ஆனால், அவர் அமெரிக்காவில் ஆடத் தொடங்கியது 2018இல் என்பதால், பத்துப் பருவம் நிறையவில்லை என்று பெரியவர் ஒரே பிடியாக நின்றார். என் பதில் வேறு. 1972 இறுதியில், நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிக்கராகுவாவுக்கு உதவிப் பொருள் கொண்டுசென்ற விமானம் விழுந்து பேஸ்போல் வீரர் ரொபேர்ட்டோ கிளெமென்டே இறந்தபோது, ஐந்தாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி மறு ஆண்டே அவரைச் சேர்த்தார்கள். ஒன்பது பருவங்களே ஆடி 1911இல் இறந்த ஆடி ஜொஸ் என்ற வீரருக்காகப் பத்துப் பருவ விதியையே விலக்கி, 1978இல் இடம் கொடுத்தார்கள். அப்படியானால் இந்த ஆண்டுக் கணக்குகள் வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்துபவை மட்டுமே, தகுதியை அளப்பவை அல்ல. முத்தையா முரளிதரனின் பெருமையை ஏற்றுக்கொள்ள அவருடைய 800ஆவது விக்கெட் விழும்வரை நாங்கள் யாரும் காத்திருக்கவில்லையே. அதற்காக விதியை நீக்கவும் நான் சொல்ல மாட்டேன். வரிசை வரிசையாகவே இருக்கட்டும், தகுதி முடிவாகிவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

2025 உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டித் தொடரின் மூன்றாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 18 இன்னிங்ஸ் நீண்டபோது, எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணிக்கு எதிராக ஓட்டானி ஒன்பது முறை தளத்தை அடைந்தார். நாங்கள் தோற்று முடிகையில் ரொறன்ரோவில் நடுச்சாமம் தாண்டி வெகுநேரம். இப்போது ஓய்வில் இருக்கும் பெரியவரும் விழித்திருப்பார் என்று தெரிந்து, "இன்னுமா சந்தேகம்?" என்று கேட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "2027 முடியட்டும்."