எலி குணமாயிடுச்சுன்னா என்ன அர்த்தம்?

அல்சைமருக்கு புது மருந்து, எலிகள்ல வெற்றின்னு நியூஸ் வந்தாலே யாராவது லிங்க் அனுப்பி எப்ப மார்க்கெட்டுக்கு வரும்னு கேக்குறாங்க. நான் திருப்பிக் கேக்குறது எந்த எலி, எந்த டெஸ்ட்டு, அவ்ளோதான்.

ஏன்னா சுண்டெலிக்கு தானா அல்சைமர் வராது. பரம்பரையா இந்த வியாதி வர்ற குடும்பங்கள்ல இருக்குற கோளாறான மனுஷ ஜீனை அதுக்குள்ள ஏத்தி மூளைல அமிலாய்டுங்கிற புரதக் கழிவு படிய வைக்கிறாங்க. படியுது, ஞாபகமும் மங்குது, ஆனா மனுஷ மூளைல வர்ற டௌ முடிச்சு (டௌங்கிற இன்னொரு புரதம் நரம்பு செல்லுக்குள்ள முறுக்கிக்கிறது) இந்த அமிலாய்டு எலிகள்ல பெரும்பாலும் வர்றதில்ல. வியாதில ஒரு துண்டுதான் கைல இருக்கு.

சரி ஞாபகத்த எப்படி அளக்குறது? ரொம்ப ஃபேமஸ் ரிச்சர்ட் மோரிஸ் 1981ல வெளியிட்ட தண்ணித் தொட்டி டெஸ்ட்டு. பெரிய வட்டத் தொட்டி, தண்ணில பால் பவுடரோ வெள்ளை பெயிண்டோ கலந்து உள்ள தெரியாம பண்ணிட்டு, மேல்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழ சின்ன மேடை வைப்பாங்க. எலி சுவத்துல இருக்குற படங்கள அடையாளமா வச்சு நீந்திக் கண்டுபிடிக்கணும், நாளாக ஆக நேரம் குறையணும். கடைசில மேடைய எடுத்துட்டு ஒரு நிமிஷம் விடுவாங்க. நல்லா கத்துக்கிட்ட எலி மேடை இருந்த இடத்துக்கு நேரா போகும், கடக்கும், காணோமேன்னு சட்டுனு திரும்பி அதே இடத்துல மறுபடி மறுபடி தேடும். கத்துக்காதது தொட்டி ஓரத்தயே ஒட்டி சுத்திட்டு இருக்கும். சிலது நீந்தவே நீந்தாம சும்மா மிதக்கும், அதுக்கு என்ன மார்க் போடுறதுன்னு சொல்லுங்க!

இதுல பெரிய வில்லங்கம் கண்ணு. சில எலி வம்சங்கள்ல ஆர்டி1னு ஒரு ஜீன் கோளாறு இருக்கு, பொறந்து சில வாரத்துலயே விழித்திரை கெட்டுப் போயிடும். அந்த எலிக்கு ஞாபகம் நல்லா இருந்தாலும் சுவத்துப் படம் தெரியாது, நாம மறதின்னு எழுதிடுவோம். அதனாலதான் மேடைல கொடி நட்டு நல்லா தெரியிற மாதிரி வச்சும் நீந்த விட்டுப் பாக்கணும், அதுலயும் தடுமாறினா அது ஞாபகப் பிரச்சனைன்னு சொல்லிட முடியாது.

பார்கின்சன் பக்கம் வேற கதை. 1982ல கலிபோர்னியால கலப்பட போதை ஊசி போட்டவங்களுக்கு திடீர்னு பார்கின்சன் மாதிரி உடம்பு விறைச்சுப் போச்சு, காரணம் எம்பிடிபின்னு ஒரு பொருள். இப்ப அதையே சுண்டெலிக்கு குடுத்து டோபமைன் சுரக்குற மூளை செல்ல (பார்கின்சன்ல சாகுறது இதுதான்) சாகடிச்சு மருந்து டெஸ்ட் பண்றாங்க. ஆனா எம்பிடிபி நேரா விஷம் இல்ல, மூளைல எம்ஏஓ-பிங்கிற என்சைம்தான் அத விஷமா மாத்துது. அப்போ உங்க மருந்து அந்த என்சைம மட்டும் தடுத்தாலும் செல்லு தப்பிச்சிடும், ஆஹா மூளையைக் காப்பாத்திடுச்சுன்னு தோணும், உண்மைல விஷமே உருவாகல. மூளைல எம்பிபி+, அதாவது அந்த என்சைம் மாத்தினதுல வர்ற விஷம், எவ்ளோ இருக்குன்னு அளக்காம வர்ற பேப்பர நான் நம்புறதில்ல.

தசைய இயக்குற நரம்பு செல்லுங்க செத்துப்போற ஏஎல்எஸ் வியாதில நடந்தது இன்னும் மோசம். மினோசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாட்டிக், இந்த வியாதிய வர வைக்கிற கோளாறான எஸ்ஓடி1 ஜீன் ஏத்தின எலிகளோட ஆயுச நீட்டுச்சுன்னு சொன்னாங்க, 412 நோயாளிகள்கிட்ட டிரையல் நடந்துச்சு, 2007ல ரிசல்ட் வந்தப்ப மருந்து எடுத்தவங்க டம்மி மாத்திரை எடுத்தவங்கள விட வேகமா மோசமாயிருந்தாங்க. அடுத்த வருஷமே ஒரு அமெரிக்க லேப் 70க்கும் மேல மருந்துகள அதே வகை எலில போட்டுப் பாத்துச்சு, ஒண்ணு கூட ஆயுச உருப்படியா நீட்டல. பழைய ரிசல்ட்டு பலதும் மருந்தோட வேலையே இல்ல, குரூப்புல எலி கம்மி, ஆண் பெண் கலப்படம், சில எலி ஏத்தின ஜீனோட பல காப்பில சிலத தானாவே இழந்து நிதானமா வியாதியாகுது, அவ்ளோதான்.

அந்த லேப் சொன்ன வழி குரூப்புக்கு குறைஞ்சது 24 எலி, ஒரே ஈத்துல பொறந்தத ரெண்டு குரூப்புக்கும் பிரிச்சுப் போடணும், ஒவ்வொண்ணுக்கும் ஜீன் காப்பி எண்ணணும். இதோட எதுக்கு மருந்து போச்சு, எதுக்கு வெறும் கரைசல் போச்சுன்னு அளக்குறவருக்குத் தெரியவும் கூடாது. செலவு எகிறும், நல்ல ரிசல்ட்டு குறையும், அதான் நிறைய பேர் செய்யிறதில்ல.