குரோக்கரைப் படிப்பவர்களுக்கு: என் ஆய்வேடும் ஒரு சார்ட் பேப்பரும்

எம்.ஏ. ஆய்வேட்டுக்கு நான் எடுத்தவர் செஸ்டர் குரோக்கர். அதிபர் ரீகன் காலத்தில், 1981 முதல் 1989 வரை, அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஆப்பிரிக்க விவகாரங்களுக்கான உதவிச் செயலர். ‘உதவி’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அந்தப் பிரிவுக்கே தலைவர் அவர்தான். இரண்டு மாதம் உட்கார்ந்து பதவி, பயணம், பேச்சு என்று நாற்பது பக்கம் பட்டியல் போட்டேன்.

சமர்ப்பிப்பதற்கு முந்தைய வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரே கேள்வி: “நமீபியா விடுதலைக்கான ஐ.நா. தீர்மானம் 435 வந்தது 1978-ல். விடுதலை கிடைத்தது 1990 மார்ச்சில். நடுவில் என்ன நடந்தது?” வாயடைத்துப் போனேன். என் பட்டியலில் குரோக்கர் இருந்தார், அவர் வேலை இல்லை.

அப்புறம் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி வாஷிங்டன், அங்கோலா, பிரிட்டோரியா (தென்னாப்பிரிக்க அரசு), ஹவானா (கியூப அரசு) என்று நான்கு பத்தி போட்டு, ஆண்டுவாரியாக நிரப்பினேன். அங்கோலா அரசுக்குத் துணையாக நின்ற கியூபப் படை அங்கிருந்து வெளியேறினால் தென்னாப்பிரிக்கா தன் பிடியிலிருந்த நமீபியாவை விடும் என்று குரோக்கர் போட்ட முடிச்சு அப்போதுதான் புரிந்தது. இழுத்தடிக்க பிரிட்டோரியாவுக்கு அது நல்ல சாக்கு என்று எதிர்ப்பாளர்கள் திட்டியதும் புரிந்தது. 1987-88-ல் அங்கோலாவின் குயிட்டோ குவானவாலேயில் தென்னாப்பிரிக்கப் படைக்கும் அங்கோலா, கியூபப் படைகளுக்கும் சண்டை. 1988 டிசம்பர் 22-ல் நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்கா அதில் நடுவர் மட்டுமே. போர்க்களமான அங்கோலாவின் பத்தி இல்லாமல் இந்தத் தேதியைப் படித்தால் மந்திரம் போலத்தான் தெரியும்.

குரோக்கரைப் பற்றி எழுதும்போது நமீபியாவையும் தென்னாப்பிரிக்க நிறவெறியையும் கலக்காதீர்கள். முன்னதில் அவர் பொறுமை பலித்தது. பின்னதில் அவருடைய ‘ஆக்கபூர்வ ஈடுபாடு’, அதாவது தண்டிக்காமல் பேசியே திருத்தும் கொள்கை, தோற்றது என்பதே என் வாதம்; 1986-ல் ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடைச் சட்டம் கொண்டுவந்ததே, வேறென்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்கத் தூதர்களின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் அவரவர் கதையில் அவரவரே நாயகர், கியூபத் தரப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஜானி கார்சன் நல்ல ஆள்: குரோக்கர் பேராசிரியராக இருந்து வந்தவர், இவரோ தான்சானியாவில் ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் தொண்டராகத் தொடங்கி உகாண்டா, ஜிம்பாப்வே, கென்யா தூதராகி, 2009-ல் அதே நாற்காலிக்கு வந்தவர்.

இறுதி வைவாவுக்கு அந்தச் சார்ட்டைச் சுருட்டி எடுத்துப் போனேன். தேர்வாளர் அதை மேசையில் விரித்து, கடைசி வரை அதிலிருந்தே கேட்டார். நாற்பது பக்கத்தைப் புரட்டவே இல்லை.