கச்சான் காற்றில் காயும் குழாய்கள்

மட்டக்களப்புக்கு டைவிங் போகிறவர்கள் ஹெர்மிஸ் பற்றித்தான் எழுதுவார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், சுமார் 53 மீட்டர் ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. அதைப் பற்றிப் படிக்க நிறையவே இருக்கிறது. கரைக்குத் திரும்பிய பிறகு கல்லடியில் நாங்கள் தங்கியிருந்த வீட்டு விறாந்தையில் நடந்த வேலையை, அதாவது ரீப்ரீதர் என்ற மூச்சுக் கருவியைக் கழுவிக் காயவைப்பதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

அந்த ஆழத்தில் சாதாரண சிலிண்டர் என்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஆவதைவிட ஆறு மடங்குக்கு மேல் காற்று செலவாகும். ரீப்ரீதரில் விட்ட மூச்சே சுற்றி வரும். கரியமில வாயுவை சோடா லைம் என்ற சுண்ணாம்புக் குருணை பிடித்துக்கொள்ளும். உடம்பு எரித்த ஆக்சிஜன் மட்டும் புதிதாகச் சேரும். ஆனால் அந்த வேதிவினையில் சூட்டோடு தண்ணீரும் உண்டாகிறது. கூடவே நம் மூச்சின் ஈரம், எச்சில். டைவ் முடிந்து திறந்து பார்த்தால் குழாய்க்குள் நசநசவென்றிருக்கும். கிருமிகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே நாளில் மறுபடி இறங்குவதென்றால் படகில் எல்லாவற்றையும் பிரிப்பதில்லை. வாய்ப்பகுதியை மூடி, மூச்சுப் பையில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கருவியை நிழலில் நிமிர்த்தி வைத்தால் போதும். சோடா லைம் ஓடிய நிமிடங்களை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி ஓடியதை வெளியே கொட்டி மறுபடி நிரப்புவது என்ற பேச்சே கூடாது. வேடிக்கை என்னவென்றால், மற்றதெல்லாம் காய வேண்டும், இது மட்டும் காயக் கூடாது. குருணையில் ஈரம் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது.

மாலையில்தான் முழுப் பாடு. குழாய்களையும் பைகளையும் நல்ல தண்ணீரில் அலசி, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியில் சொன்ன நேரம் ஊறவைத்து, மறுபடி அலசி, கொடியில் தொங்கவிடுவோம். மடிப்பு மடிப்பான குழாய் என்பதால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சொட்டு ஒளிந்திருக்கும். இரண்டு முனையையும் பிடித்து இழுத்து உதற வேண்டும்.

“என்ன மனே, ஆசுபத்திரிச் சாமானா இது?” என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா. விளக்கியதும், எறும்பு ஏறும் என்று பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். குழாய் முனைகளில் அதைக் கட்டினோம். எந்தக் கையேட்டிலும் இந்த யோசனை கிடையாது.

மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று சும்மா சொல்லக் கூடாது, சென்னையில் ராத்திரி முழுக்க மின்விசிறி போட்டும் காயாதது இங்கே சாப்பிட்டு எழுவதற்குள் காய்ந்துவிட்டது. வெயிலில் மட்டும் போடாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். அவசரமென்று சிலிண்டர் காற்றைப் பீய்ச்சி, ஆக்சிஜன் அளவைக் காட்டும் உணரிகளான ஆக்சிஜன் செல்களை உலர்த்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. அந்த மெல்லிய சவ்வு எவ்வளவு தாங்கும்? செல்கள் இருக்கும் தலைப்பகுதியைக் கழற்றி, நிழலில் சும்மா திறந்து வைத்தாலே காய்ந்துவிடும்.

காலையில் வாய்ப்பகுதியின் ஒருவழி வால்வுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். நகத்தைவிடச் சற்றே பெரிய வட்டங்கள். ஓரத்தில் ஒரு குருணை ஒட்டியிருந்தாலும் விட்ட மூச்சு அப்படியே திரும்பி வரும். பிறகு செல்கள்: காற்றில் 10 மில்லிவோல்ட் காட்டுவது சுத்த ஆக்சிஜனில் 48க்குப் பக்கத்தில் வர வேண்டும். மூன்றில் ஒன்று தயங்கினால், அதன் முகத்தில் ஈரம் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஈரமில்லாமலும் தயங்குகிற செல்லோடு ஹெர்மிஸுக்கு இறங்குவதில்லை. படகு காத்திருந்தாலும் சரி.