வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா

உயில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வெள்ளைத்தாளில் பங்கு போட்டுக்கொண்டே வருவார்கள். வீடு பெரியவனுக்கு, மனை சின்னவனுக்கு, நகை பெண்ணுக்கு. கும்பகோணத்தில் 22 வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். இப்படி எத்தனையோ தாள்களைப் பார்த்தாகிவிட்டது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அப்படித்தான் வந்தார். படித்துவிட்டு, “அம்மாவுக்கு என்னங்கய்யா?” என்று கேட்டேன்.

“அவளுக்கென்ன சார், பசங்க பார்த்துப்பாங்க.”

அந்த அம்மா வெளியே பெஞ்சில், மூலப்பத்திரம் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் வேறொரு அம்மா, வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த வங்கி நோட்டீஸைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். வீட்டுக்காரர் உயிலில் வீட்டை முழுக்க மகனுக்கு எழுதியிருந்தார். மகன் நல்லவர். அம்மாவைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டவர். வீட்டின் மேல் கடன் வாங்கித் தொழில் செய்தார், தொழில் படுத்துவிட்டது. அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “நான் எங்கே தம்பி போறது?” என்னிடம் பதில் இல்லை.

உயில் எழுதாமலே போய்விட்டால்? 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார், எல்லாருக்கும் சமபங்கு. 3 பிள்ளைகளும் தாயாரும் இருக்கிற வீட்டில் மனைவிக்கு ஐந்தில் ஒன்று. ஒரே வீட்டில் ஐந்தில் ஒன்று என்றால் சமையலறை மட்டுமா?

அதனால்தான் உயிலில் முதல் பத்தியாக நான் எழுதச் சொல்வது ஆயுள்கால பாத்தியம். ‘மேற்படி வீட்டில் என் மனைவி தன் ஆயுள் உள்ளவரை வசித்தும், வாடகை வருமானத்தைத் தானே அடைந்தும் வரவேண்டியது.’ அவர் காலத்துக்குப் பிறகு யாருக்கு என்பது அடுத்த பத்தியில் வரட்டும்.

“உயில்னா அப்புறம் கோர்ட்டுக்கு அலையணும்பா, இப்பவே செட்டில்மெண்ட் பண்ணிடுங்க” என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகள் பேரில் எழுதிக் கொடுத்துவிடுவது. அது பதிவானால் வீடு அன்றைக்கே கைமாறிவிடும். வயதான காலத்தில் நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தால், அதை மீறும்போது 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். அந்த நிபந்தனை வரி இல்லாத பத்திரத்தை நான் கையால் தொடுவதில்லை. அந்த வரி இருந்தாலும், பெற்ற பிள்ளை மேல் மனு கொடுத்துவிட்டுக் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் 75 வயதில் காத்திருப்பதைப் பார்க்க மனசு கேட்காது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யச் சொல்லிவிடுவேன். சாட்சிகள்தான் முக்கியம். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு உயிலுக்கு, எழுதியவரின் நடைப்பயிற்சி நண்பர்கள் இருவரையே சாட்சியாகப் போட்டுவிட்டேன். பத்து வருடம் கழித்து வழக்கு வந்தபோது இரண்டு பேருமே காலமாகிவிட்டார்கள். அவர்கள் கையெழுத்தை நிரூபிக்கப் பழைய பத்திரங்களைத் தேடி அந்தக் குடும்பம் பட்ட பாடு என் கவனக்குறைவால் வந்தது. அதிலிருந்து சாட்சிகளில் ஒருவராவது நாற்பது வயதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

டிரஸ்ட், அதாவது ஒருவருடைய நன்மைக்காகச் சொத்தை வேறு சிலர் பொறுப்பில் விடுவது, பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படாது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கிற வீட்டில் மட்டும் நானே எடுத்துச் சொல்வேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதிக்கு முப்பது வயது தாண்டிய மகள். வீட்டை அவள் பேரில் எழுதினால் வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது? அண்ணன் பேரில் எழுதினால் அவருக்குப் பின்னால் யார்? வீட்டையும் டெபாசிட்டையும் டிரஸ்டில் வைத்து, அண்ணன், சித்தி மகள், குடும்ப நண்பர் ஒருவர் என மூன்று பேரை டிரஸ்டிகளாகப் போட்டோம். கிளம்பும்போது அந்தத் தாய் நோட்டில் கிழித்த ஒரு தாளை நீட்டினார். வலிப்பு மாத்திரை ராத்திரி எட்டு மணிக்கு. கஞ்சியில் கட்டி இருந்தால் குடிக்க மாட்டாள். இடி இடித்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அதையும் பத்திரத்தோடு இணைப்பாகச் சேர்த்துவிட்டேன்.

சரி, மின்வாரியப் பெரியவருக்கு வருகிறேன். அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆயுள்கால பாத்தியத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “மாடி வாடகையை நானே வாங்கிக்கலாமா தம்பி?” என்றார்.

“வாங்கிக்கலாம்மா.”

“மக வந்தா எத்தனை நாள் வேணும்னாலும் தங்கலாமா? யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

பெரியவர் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அதையும் எழுதிடுங்க சார்” என்றார்.

எழுதினேன். மறுநாள் காலை பத்தரைக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன், சாட்சிக்குத் தெருவில் இளவட்டமாக இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு.