ஸ்பா, நூர்பர்க்ரிங்: ஓட்டிப் போன காரிலேயே வீடு திரும்ப நான் செய்த தயாரிப்புகள்

பெல்ஜியத்தின் ஸ்பா, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் என்ற இரண்டு பந்தயத் தடங்களிலும் சொந்தக் காரை ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சினில் என்ன மாற்றினாய்?" என்பதுதான். எஞ்சினில் கை வைக்கவே இல்லை. என்னுடையது பழைய போர்ஷே கேமன் எஸ், 3.4 லிட்டர். தொழிற்சாலை கொடுத்த 295 குதிரைத்திறன் எனக்குத் தாராளம். என் நேரமும் பணமும் போனது பிரேக், டயர், சூடு, காகிதங்கள் ஆகியவற்றில். பந்தயக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நாமோ இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டே போய், தடத்தில் ஓட்டி, மறுநாள் அதே டயரில், ஒருவேளை கொட்டும் மழையில், நெடுஞ்சாலை வழியாக வீடு சேர வேண்டும். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதை எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்தேன்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியது இன்சூரன்ஸ். நூர்பர்க்ரிங்கின் வடக்கு வளையமான நார்ட்ஷ்லைஃபே, பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் ஒருவழிச் சுங்கச் சாலையாகத்தான் நடத்தப்படுகிறது. ஜெர்மன் சாலை விதிகளே அங்கும் செல்லும். அதை நம்பி 'சாலைதானே, பாலிசி இருக்கிறதே' என்று போய்விடக் கூடாது. பல பிரிட்டிஷ் பாலிசிகள் நூர்பர்க்ரிங்கைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கின்றன. நான் பாலிசியின் சிறிய எழுத்துகளை முழுக்கப் படித்துவிட்டு, நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கினேன். தொலைபேசியில் சொன்னது பிறகு உதவாது. ஸ்பாவில் ஓட்டும் நாளுக்குத் தனியாக ஒரு நாள் பாலிசி எடுத்தேன். நார்ட்ஷ்லைஃபேயில் தடுப்புவேலியில் மோதினால் சேதமான வேலிக்கும் மீட்பு வண்டிக்கும் பில் நமக்குத்தான் வரும். வழியில் வண்டி நின்றால் உதவும் பிரேக்டவுன் பாலிசிகளும் பொதுவாகத் தடத்துக்குள் நடப்பதை ஏற்பதில்லை. இந்தச் செலவைத் தாங்க முடியாது என்று தோன்றினால், நூர்பர்க்கிலேயே தடத்துக்கெனத் தயார் செய்த கார்களை வாடகைக்குத் தருகிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு அதுவே நல்ல வழி என்பேன்.

அடுத்தது பிரேக். ஸ்பாவில் ரெய்டியான் ஏற்றத்தில் ஏறி, கெம்மல் நேர்பாதையில் முழு வேகம் எடுத்து, லே கோம் வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்துகிறோம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அதுவும் 7 கி.மீ. சுற்றில் திரும்பத் திரும்ப. அந்தச் சூடு டிஸ்க்கில் தொடங்கி, பேடு வழியாக, அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்கும் அங்கிருந்து பிரேக் ஃப்ளூயிடுக்கும் ஏறுகிறது. ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற ஃப்ளூயிட் தரத்தின்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி இருந்தாலே தரத்துக்குள் வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அப்போது பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. அதனால் 300 டிகிரியைத் தாண்டும் பந்தய வகை ஃப்ளூயிடுக்கு மாறினேன்.

இதை வீட்டு வாசலிலேயே செய்தோம். பயணத்தில் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகும் என் சித்தி மகன் பெடலில், நான் சக்கரத்தடியில். கேமனில் ஒவ்வொரு காலிப்பரிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என ஃப்ளூயிடை வெளியேற்றும் சிறு திருகுகள், அதாவது நிப்பிள்கள், இரண்டு உண்டு. ஆக எட்டையும் திறந்து மூட வேண்டும்.

"அண்ணா, மிதிக்கட்டுமா?"

"மெதுவா மிதி. அப்படியே வச்சிரு."

"அடிவரைக்கும் போயிடுச்சு. விடட்டுமா?"

"இரு, மூடிக்கறேன்... ம், இப்ப விடு."

மூடுவதற்குள் அவன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், அந்த நிப்பிளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நிப்பிளில் மாட்டியிருந்த ஒளிபுகும் குழாயில் முதலில் வந்தது தேநீர் நிறத்தில் பழைய ஃப்ளூயிட், கூடவே பொடிப்பொடியாகக் குமிழ்கள். பிறகு நிறம் வெளுத்து, குமிழ் நின்று, தெளிவாக வந்தது. மேலே தொட்டியில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிளட்சுக்கும் இதே தொட்டிதான்.

பேடுகளைச் சூடு தாங்கும் வகைக்கு மாற்றினேன். ஆனால் முழுப் பந்தய வகை வாங்கவில்லை. அவை குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, சாலையில் முதல் சிக்னலிலேயே பயத்தில் நடுங்க வைக்கும். சாலைக்கும் தடத்துக்கும் இடைப்பட்டவை போதும். மாட்டியதும் ஆளில்லாத சாலையில் நல்ல வேகத்திலிருந்து முழுக்க நிற்காமல் பல தடவை வேகம் குறைத்து, பிறகு அழுத்தாமல் ஓட்டி ஆறவிட்டேன். இப்படிப் பழக்கினால்தான் பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படியும். டிஸ்க்கை வெர்னியரால் அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இந்தக் காரில் பலர் பார்க்காமல் விடும் இடம் முன் பம்பர். எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால் இருபுறமும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர்கள். பம்பரைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில் காய்ந்த இலை, பூச்சி, பாலித்தீன் துணுக்கு எல்லாம் மண்ணோடு இறுகிக் கிடந்தன. வாக்குவம் கிளீனரும் மென்மையான தூரிகையும்தான் பயன்படுத்தினேன். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்தால் கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். தடத்தில் நெடுநேரம் அதிக சுழற்சியில் ஓடும் எஞ்சினுக்குக் காற்றோட்டம்தான் உயிர். எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காமல் கிடைத்த நல்ல பலன் இது.

டயரில் ஆழத்தைவிட வயதை முதலில் பார்த்தேன். பக்கச்சுவரில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரமும் ஆண்டும். வழுவழுப்பான தட டயர்களின் ஆசை எனக்கும் உண்டுதான். ஆனால் நூர்பர்க்ரிங் இருக்கும் ஐஃபெல் மலைப்பகுதியில் ஒரு மூலையில் வெயிலும் அடுத்த மூலையில் மழையும் இருப்பது சாதாரணம், திரும்பும் வழி வேறு இருக்கிறது. நல்ல சாலை டயர்களோடே போனேன். அலைன்மென்டில் முன்சக்கரங்களின் நெகட்டிவ் கேம்பரை, அதாவது மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் அளவை, கொஞ்சம் கூட்டினேன், இல்லாவிட்டால் வெளித் தோள் சீக்கிரம் தேயும்.

சாலைக்கான விஷயங்கள் எளிது. 2021 செப்டம்பர் 28 முதல் ஜிபி ஸ்டிக்கர் செல்லாது, யுகே என்றிருக்க வேண்டும். பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ் சான்று, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் அங்கி, முதலுதவிப் பெட்டி, ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமலிருக்க ஒட்டும் பட்டை, இவ்வளவுதான். ஃபோக்ஸ்டனில் கார்களை ஏற்றும் சுரங்க ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் பிரான்சின் கலே. அங்கிருந்து பெல்ஜியம் வழியாக ஸ்பா. வழியில் பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் நுழைவதானால் அதன் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் நகரங்களைத் தவிர்த்தே போனோம்.

தடத்துக்குள் போகும் முன் காரைக் காலி செய்ய வேண்டும். தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வெளியே வைத்தோம். இழுவைக் கொக்கி கருவிப்பெட்டியில் இருக்கிறதா, அது நேராகப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்திருந்தேன். ஸ்பாவில் ஒலி விஷயத்தில் கறாராக இருப்பார்கள், தொழிற்சாலை சைலன்சரை மாற்றாததன் அருமை அங்கே தெரிந்தது.

டயர் சூடானால் அழுத்தம் ஏறும். அதனால் குளிரில் சற்றுக் குறைவாக வைத்துத் தொடங்கி, உள்ளே வந்ததும் நான்கையும் அளந்து, சமன் செய்தோம். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் கைப்பிரேக் இழுக்காமல் கியரில் விட வேண்டும். ஆறிய பிறகு சக்கர போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் 130 நியூட்டன் மீட்டருக்குச் சரிபார்த்தேன்.

நார்ட்ஷ்லைஃபே 20.832 கி.மீ. 1927-இல் திறந்த தடம், ஏற்ற இறக்க வித்தியாசம் மட்டும் சுமார் 300 மீட்டர். மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடங்கள் பல, ஷ்வேடன்கிராய்ட்ஸ் வளைவுக்கு முன்னால் குறிப்பாக. கணினி சிமுலேட்டரில் பல மாலைகள் பழகிவிட்டுத்தான் போனேன். அதையும் தயாரிப்பிலேயே சேர்க்கிறேன். இடப்பக்கமாக மட்டும்தான் முந்த வேண்டும் என்பதால் வேகமான கார்களுக்கு வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். பாதி கவனம் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில்தான். யாராவது மோதினால் தடத்தை மூடிவிடுவார்கள், வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

கிளம்பும் முன் கையடக்கக் கம்ப்ரஸரால் டயர் அழுத்தத்தைச் சாலைக்கான அளவுக்குத் திரும்ப ஏற்றினேன். முன்பேடுகளில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. வீடு வந்ததும் நான்கு சக்கரங்களையும் கழற்றி, டிஸ்க்கில் விரிசல் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளி நிப்பிள்களில் மட்டும் கொஞ்சம் ஃப்ளூயிடை வெளியேற்றினோம். அது அப்படியே தெளிவாகத்தான் வந்தது.