பனி மேல் போடும் பழி

எங்கள் மலையில் யாருக்கு இருமல் வந்தாலும் முதலில் காதில் விழுவது "பனி ஒத்துக்கல" என்பதுதான். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் விடிகாலைப் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், மூச்சு விட்டால் புகையாகப் போகும், அந்த நேரத்தில் பேக்டரிக்கு நடந்து போகிறவர் இருமினால் பனியைத் தவிர வேறு எதைச் சொல்லத் தோன்றும்? ஆனால் தேயிலை பேக்டரியில் காய்ந்த தூளைச் சலிக்கிற சலிப்பு அறையில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே நான் கேட்ட இருமலுக்கும் பனிக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அது தேயிலைத் தூசியால் வருகிற இருமல்.

இலை வந்து இறங்கி, வாட்டும் தொட்டியில் கிடந்து, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளைகளில் நசுங்கி, நிறம் மாறி, ட்ரையருக்குள் போகும் வரை எல்லாமே ஈரம்தான். அதுவரை தூசி என்ற பேச்சே இல்லை. ட்ரையரை விட்டு வெளியே வரும்போது தூளில் ஈரப்பதம் ஏறக்குறைய 3 சதவீதம்தான் இருக்கும், விரலில் வைத்துத் தேய்த்தால் பொடியாகும். அங்கிருந்துதான் எங்கள் அறை தொடங்குகிறது. முதலில் நார் எடுக்கும் மெஷின். பிளாஸ்டிக் உருளைகள் கம்பளித் துணியில் உரசி மின்னேற்றம் பெறும், அந்த ஈர்ப்பில் நாரும் காம்பும் மேலே ஒட்டிக்கொண்டு வந்துவிடும், தூள் கீழே போகும். அப்புறம் அடுக்கடுக்காக ஆடும் சல்லடைகள், கடைசியில் குழாய் வழியாகப் பையில் நிரப்புவது. ஒவ்வொரு இடத்திலும் காய்ந்த தூள் ஒன்றோடொன்று உரசுகிறது, உரசும்போது கொழுந்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய பூமயிர் கழன்று காற்றில் ஏறுகிறது. நாங்கள் பிளஃப் என்போம். பொன்பழுப்பு நிறத்தில், பஞ்சுக்கும் பொடிக்கும் நடுவில் ஒன்று. கூரைச் சட்டத்தில், வயரில், ஒட்டடையில் எல்லாம் தடித்துத் தொங்கும். ஷிப்ட் முடிந்து துண்டை அவிழ்க்கிற பெண்களின் கண் இமையில் அது ஒட்டியிருக்கும், காறித் துப்பினால் எச்சில் டீ நிறத்தில் வரும்.

இந்த அறையில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. காய்ந்த தேயிலை ஈரத்தை உறிஞ்சும், வெளியே மேகம் இறங்கி நிற்கிற ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தூள் நமுத்துவிடும், அப்புறம் குன்னூர் ஏலத்தில் விலை போகாது. ஆக தூளைக் காப்பாற்ற அறையை மூடுகிறோம், மூடிய அறையில் எழும் தூசி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றுகிறது, அதை வடிகட்டும் வேலை ஆட்களின் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. தூளுக்குக் கொடுக்கிற அக்கறையில் பாதியையாவது ஆளுக்குக் கொடுத்தால் என்ன என்று எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம்.

எங்கள் அறையில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்தவர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம். நார் மெஷினில்தான் அக்காவுக்கு வேலை. முதல் சில வருடம் ஒன்றும் இல்லை. அப்புறம் சாயங்காலம் ஆனால் இருமல், ராத்திரி படுத்தால் வீசிங். ஆஸ்பத்திரியில் சளி எடுத்துப் பார்த்தார்கள், டிபி இல்லை என்று வந்தது. அது சரியான முதல் படிதான், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் யாராக இருந்தாலும் டிபி பரிசோதனை செய்யத்தான் வேண்டும். டிபி இல்லை என்றதும் விசாரணை அதோடு முடிந்துபோனது, அதுதான் எனக்கு வருத்தம். இருமல் மருந்து, ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர், "பனியில போகாதம்மா". மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போனபோது இருமல் தணிந்தது, எல்லோரும் "பாத்தியா, கீழ சூடு, அதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வருடம் தை மாதம் கடும் பனி விழுந்தது. பனி கருக்கியதில் இலை வரத்து அடியோடு குறைந்தது, பேக்டரி சில வாரம் சரியாக ஓடவில்லை, சலிப்பு ஆட்களுக்கு வேலை இல்லை. அக்கா வீட்டிலேயே இருந்தார், அதே மலையில், வருடத்திலேயே குளிர் அதிகமான நாட்களில். இருமல் போய்விட்டது! "என்னன்னு தெரியல தம்பி, பனியிலதான் நல்லா இருக்கேன்" என்று அவரே சொன்னார். சித்திரையில் இலை பெருகி இரண்டு ஷிப்ட் ஓடியபோது, வெயில் காலத்தில், வீசிங் திரும்பி வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன், விவரம் தெரிந்த டாக்டர் ஒருவரிடமும் கேட்டேன். 10 மைக்ரானுக்குப் பெரிய துகள்களைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். 5 மைக்ரானுக்குச் சின்னவை நுரையீரலின் ஆழம் வரை போய்விடும், தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனது இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. ஒன்று வெறும் உறுத்தல்: மூச்சுக்குழாயின் உள்பூச்சு எரிந்து, சளி கூடி, நாள்பட்ட இருமலாக நிற்பது. இன்னொன்று ஒவ்வாமை: உடம்பு அந்தத் தூசியை எதிரி என்று பழகிக்கொள்வது. இதற்கு மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம், அதனால்தான் "இத்தனை வருஷமா இதே வேலைதானே, இப்ப மட்டும் என்ன" என்ற கேள்வி செல்லாது. பழகிவிட்ட பிறகு கொஞ்சம் தூசியே போதும், குழாய் இறுகிவிடும். ஷிப்டில் ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குப் போய் ராத்திரியில் இழுக்கிறவர்களும் உண்டு, அதனால் வேலையைச் சந்தேகிக்கவே தோன்றாது.

இது புதிய விஷயமும் இல்லை. சி. ஜி. உரகொட என்ற இலங்கை மருத்துவர் தேயிலை பேக்டரி வேலையால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970லேயே எழுதியிருக்கிறார், 1980ல் அங்குள்ள தேயிலைத் தொழிலாளர்களின் மூச்சுக் கோளாறுகளைப் பற்றியும் எழுதினார். ஜப்பானின் ஷிசுவோகாவில் பச்சைத் தேயிலைத் தொழிலாளர்களுக்கு வந்த ஆஸ்துமாவுக்கு, தேயிலையிலேயே இருக்கும் எபிகேலோகேட்டச்சின் கேலேட் என்ற பொருளையே காரணமாகக் காட்டினார்கள். உடம்புக்கு நல்லது என்று பாக்கெட்டில் போட்டு விற்கிற அதே பொருள்தான். குடிப்பது வேறு, மூச்சில் இழுப்பது வேறு. பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறக்குறைய 16 சதவீதம் வேலையோடு சம்பந்தப்பட்டது என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2019ல் மதிப்பிட்டது. ஊருக்கு ஊர் கணக்கு மாறலாம், ஆனால் டாக்டர் "என்ன வேலை பாக்கறீங்க" என்று கேட்டே ஆக வேண்டும் என்பதற்கு இது போதும். பெர்னார்டினோ ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர் நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று 1700ல் எழுதிவைத்தார், எங்கள் அக்காவிடம் முதல் இரண்டு மூன்று இடங்களில் யாரும் கேட்கவில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. பீக் ஃப்ளோ மீட்டர் என்று கையடக்கமாக ஒரு குழாய் உண்டு, ஊதும் மூச்சின் வேகத்தை எண்ணாகக் காட்டும், மெடிக்கலில் கிடைக்கும். நன்றாக மூச்சை இழுத்து ஒரே மூச்சில் முடிந்த அளவு வேகமாக ஊத வேண்டும், மூன்று முறை ஊதி, அதில் கூடுதலான எண்ணை எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது, இரண்டு மூன்று வாரம், வேலை நாளும் லீவு நாளும் சேர்த்து. அக்கா நோட்டில் எழுதினார். திங்கள் முதல் எண் இறங்கிக்கொண்டே போய், ஞாயிறு மெல்ல ஏறி, மறுபடி இறங்கியது. அந்த நோட்டைப் பார்த்த டாக்டர்தான் பனிக் கதையை நிறுத்தி, இன்ஹேலர் கொடுத்து, நார் மெஷினை விட்டு மாறச் சொன்னார். சீக்கிரம் மாறினால் குணமாகும் வாய்ப்பு அதிகம், வருடக்கணக்கில் அதே தூசியில் கிடந்தால் வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா கூடவே இருக்கும். வாட்டும் தொட்டிப் பக்கம் அவருக்கு வேலை மாற்றிக் கொடுத்தார்கள், அங்கே ஈர இலைதான். வீசிங் முழுசாக விடவில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறார்.

பீடி இதைக் கூட்டும், வீட்டில் விறகு அடுப்புப் புகையும் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி பேக்டரி கையைக் கழுவக் கூடாது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது: தூசி எழும் இடத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் வைத்து அதை உறிஞ்சி எடுக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை அடைக்க வேண்டும். ஜன்னலைத் திறக்காமலேயே இதைச் செய்யலாம், தூளும் நமுக்காது. நார் மெஷின் மேலும் பை நிரப்பும் வாயிலும் உறிஞ்சும் கூண்டு போட்டாலே அறை பாதி தெளிந்துவிடும் என்பது என் அனுபவம். அதைவிட உடனே செய்யக்கூடியது, சாயங்காலம் ஏர் ஹோஸ் பிடித்து மெஷினை ஊதிச் சுத்தம் செய்வதை நிறுத்துவது. பகல் முழுக்கப் படிந்ததை ஐந்து நிமிடத்தில் மறுபடி காற்றில் ஏற்றிவிடுகிற வேலை அது, அந்த நேரம் எதிரில் நிற்கிறவர் முகமே தெரியாது. வேக்வம் கிளீனர் வாங்குங்கள்.

முகத்தில் கட்டுகிற துண்டு பிளஃபை நிறுத்தும், நுண்தூசியை நிறுத்தாது. என்95 முகக்கவசம் முகத்தோடு படிந்து உட்கார்ந்தால் நிறுத்தும், ஆனால் எட்டு மணி நேரம் அதைக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கச் சொல்கிறவர் ஒரு நாள் தானே கட்டித் தூக்கிப் பார்க்க வேண்டும். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், சும்மாவே ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைவு. அதனால் முதலில் உறிஞ்சும் கூண்டு, மிச்சத்துக்குத்தான் முகக்கவசம்.

இன்னொன்று. புதிதாகச் சலிப்புக்கு வருகிற பிள்ளைகளை முதல் வாரத்திலேயே ஊதவைத்து எண்ணை எழுதி வையுங்கள். உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அந்த எண் ஆளுக்கு ஆள் மாறும், தூசி படுவதற்கு முன்னால் இவர்களுக்கு என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியும். ஒரு நகலைப் பேக்டரி வைத்துக்கொள்ளட்டும், இன்னொன்றை அந்தப் பிள்ளையிடமே கொடுத்து, ரேஷன் கார்டு வைக்கிற கவரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். இங்கே இலை வரத்தைப் பார்த்து ஆட்கள் பேக்டரி மாறிக்கொண்டே இருப்பார்கள், தாளும் கூடவே போக வேண்டும்.