அக்காவின் இடது கால்: நாட்குறிப்பு

மார்ச் 4
அக்காவின் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கணுக்கால் எலும்பு சேர்ந்துவிட்டது. அசையாமல் கிடந்ததில் கெண்டைக்கால் சதை வற்றிப்போயிருக்கிறது. நடக்க நடக்கத் தேறுமாம். சாயங்காலங்களில் பாதம் லேசாக வீங்குவதும் சகஜம், காலை உயர்த்தி வைத்தால் வடியும் என்றார் செவிலியர். கிளம்பும்போது, "விடிஞ்சும் வடியலைன்னா காத்திருக்காம வந்துடுங்க" என்றார்.

மார்ச் 7, காலை
மெலிந்திருக்க வேண்டிய கால் பருத்திருக்கிறது. "நேத்து பயிற்சி அதிகம், சதை பிடிச்சிருக்கு" என்கிறாள் அக்கா. சதைப்பிடிப்பு இறுக்கிப் பிடித்து, சில நிமிடங்களில் விட்டுவிடும். இந்த வலி ராத்திரி முழுக்க விடவில்லை, நின்றால் கூடுகிறது. தொட்டால் அந்தக் கால் மட்டும் சூடு. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அவள் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியவில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்து இரண்டு காலையும் ஒப்பிட்ட பிறகுதான் இடது காலின் கருஞ்சிவப்பு புலப்பட்டது.

முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இன்ச் டேப்பால் இரண்டு காலிலும் சுற்றளவு எடுத்தேன். வலது 34, இடது 37.5. வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். அவ்வளவு இல்லாவிட்டாலும் கிளம்பியிருப்போம்.

அம்மா நீவிவிட வந்தாள். தடுத்துவிட்டேன். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம்.

மார்ச் 7, இரவு
மருத்துவர் காலைத் தொடும் முன்பே கேட்டவை: திடீரென்று மூச்சு வாங்குகிறதா, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துகிறதா, இருமலில் ரத்தம் வந்ததா, மயக்கம் உண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆம்புலன்ஸ்தானாம். நல்லவேளை, எதுவும் இல்லை. பிறகு கருத்தடை மாத்திரை, புற்றுநோய், முன்பு உறைவு வந்த வரலாறு என்று ஒரு சுற்று.

பாதத்தை மேல்நோக்கி மடக்கியும் வலிக்கவில்லையே என்றார் அத்தான். அந்தப் பழைய சோதனையை நம்பக்கூடாதாம். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் எதையும் உறுதிப்படுத்தாது. உறைவின் தடயத்தை ரத்தத்தில் தேடும் டி-டைமர் பரிசோதனை? எலும்பு முறிந்தவர்களுக்கு எப்படியும் அது கூடுதலாகக் காட்டக்கூடும், நேரே டாப்ளர் ஸ்கேன் என்றார்.

கருவியால் தோல்மேல் அமுக்கினால் நல்ல சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், தட்டையாக வேண்டும். வலது காலில் கண் சிமிட்டுவதுபோல் மூடித் திறந்தது. இடது முழங்காலின் பின்னால் இருந்தது எவ்வளவு அமுக்கியும் மூடவில்லை. ஆழ்சிரை ரத்த உறைவு.

மார்ச் 9
ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான் மாத்திரை. முதல் 7 நாள் இரட்டை அளவு, பிறகு குறையும். குறைந்தது 3 மாதம். மாத்திரை உறைவைக் கரைக்காது, வளரவிடாமல் நிறுத்தும். கரைப்பது உடம்பின் வேலை. இதைக் கேட்டு அக்காவுக்குப் பெருத்த ஏமாற்றம். இந்த மாத்திரையோடு ரத்தக்கசிவு அபாயம் உண்டு என்பதால் வலிக்கு இப்யூபுரூஃபன் கூடாது. மலம் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே போக வேண்டும்.

மார்ச் 15
இடது 36. வீட்டுக்குள் நடக்கிறாள், நடக்கத்தான் சொன்னார்கள். டேப்பைப் பிடுங்கி என் காலையும் அளந்தாள். அரை சென்டிமீட்டர் வித்தியாசம். அது பலருக்கும் இருப்பதுதான் என்று சொல்லியும் கேட்காமல், நாளைக்கும் அளப்பாளாம்.